ஒரு கரண்டிப் பொடியும் நாட்டின் பெரிய இயந்திரங்களும்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஃபெரைட் பொடி (இரும்போடு வேறு உலோகங்களும் ஆக்சிஜனும் சேர்ந்த காந்தப் பொருள்) செய்வது பார்க்க அழகான வேலை. கோபால்ட் நைட்ரேட் இளஞ்சிவப்பு, துத்தநாக நைட்ரேட் வெள்ளை, இரும்பு நைட்ரேட் வெளிறிய ஊதா. மூன்றையும் கணக்குப்படி எடை போட்டுத் தண்ணீரில் கரைத்து, சிட்ரிக் அமிலம் சேர்த்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஹாட் பிளேட்டில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் கெட்டியாகிக் கூழாகும். இன்னும் சூடேற்றினால் ஒரு ஓரத்தில் பொறி பற்றும். அது மெல்லப் பரவி, கூழ் முழுவதும் தானாக எரிந்து, பீக்கர் நிறையக் கருத்த பொடியாகப் பொங்கி நிற்கும். அதை அகேட் கல்லில் அரைத்து மஃபிள் ஃபர்னஸில் வைத்து எடுத்தால் காந்தப் பொடி தயார். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை எல்லாம் எங்கள் கையில் இருக்கிறது. இதற்கு அடுத்த கேள்வி எங்கள் கையில் இல்லை.

ஃபெரைட் படிகத்தில் ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே இரண்டு விதமான இடைவெளிகள் உண்டு. ஒன்றில் உலோக அயனியைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் இருக்கும்; அதை ஏ இடம் என்போம். இன்னொன்றில் ஆறு ஆக்சிஜன். அது பி இடம். ஏ இடத்தில் இருக்கும் அயனிகளின் காந்தம் ஒரு பக்கம் பார்த்தால், பி இடத்தில் இருப்பவை எதிர்ப்பக்கம் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதுதான் நாம் உணரும் காந்தம். துத்தநாகத்துக்குக் காந்தத்தன்மையே கிடையாது. ஆனாலும் கோபால்ட் ஃபெரைட்டில் கொஞ்சம் துத்தநாகம் சேர்த்தால் காந்தம் கூடும்! முதல் தடவை கேட்கும் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். துத்தநாகம் போய் உட்கார விரும்புவது ஏ இடத்தில். அங்கே எதிர்த்து நின்ற ஒரு காந்தம் அதனால் குறைகிறது. கழிவது குறைந்தால் மிச்சம் கூடத்தானே செய்யும்?

இது பாடப்புத்தகத்தில் இருக்கும் கதை. பொடியின் துகள்கள் நானோ அளவுக்குச் சிறுத்துவிட்டால் துத்தநாகம் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு பகுதி பி இடத்துக்கும் போய்விடுகிறது. எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாமல், உங்கள் பொடியின் காந்தம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுத முடியாது. அதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சாதாரண எக்ஸ்ரே கருவி போதாது. எக்ஸ்ரே பார்ப்பது எலக்ட்ரான்களை. இரும்பில் 26, கோபால்ட்டில் 27, துத்தநாகத்தில் 30. அந்தக் கருவியின் கண்ணுக்கு இவை மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் தெரியும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கும் நான், இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது? இதற்குப் பதில் சொல்லும் இயந்திரத்தை எங்கள் கல்லூரி வாங்க முடியாது. பல்கலைக்கழகமும் வாங்க முடியாது. ஐஐடி கூட வாங்க முடியாது. ஒரு நாடு மட்டும்தான் வாங்க முடியும். நம் நாடு வாங்கி வைத்திருக்கிறது என்பதையும், அது நமக்கும் சேர்த்துத்தான் என்பதையும் நிறையப் பேருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். குறிப்பாக எங்களைப் போன்ற கல்லூரிகளில் ஆய்வு செய்கிற பிள்ளைகளுக்கு.

இந்தூரில் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அணுசக்தித் துறையின் கீழ் 1984-இல் தொடங்கப்பட்டது. அங்கே இண்டஸ்-1, இண்டஸ்-2 என்று இரண்டு சிங்க்ரோட்ரான் ஒளிமூலங்கள். நாட்டில் வேறெங்கும் கிடையாது. இண்டஸ்-2 என்பது 172.5 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம். எலக்ட்ரான்கள் முதலில் மைக்ரோட்ரான் என்ற கருவியில் பிறந்து 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெறும். பிறகு பூஸ்டரில் சுற்றி 550 வரை ஏறும். அப்புறம் பெரிய வளையத்துக்குள் அனுப்பப்பட்டு 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை உயர்த்தப்படும். ஏறக்குறைய ஒளியின் வேகம். காந்தங்கள் அந்தக் கற்றையை வளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் எலக்ட்ரான்கள் ஒளியை உதிர்க்கும். அகச்சிவப்பிலிருந்து கடும் எக்ஸ்ரே வரை எல்லாம் அதில் உண்டு. வளையத்திலிருந்து தொடுகோடுகளாகக் குழாய்கள் கிளம்பும். அவைதான் பீம்லைன்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒவ்வொரு விதமான சோதனை. ஓரிடத்தில் படிக அமைப்பு, ஓரிடத்தில் புரதம், இன்னோரிடத்தில் ஒளி எலக்ட்ரான்.

எங்களுக்கு வேண்டியது ஒன்பதாம் எண் பீம்லைன். அங்கே எக்ஸ்ரேயின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகலாம். 7112 எலக்ட்ரான் வோல்ட் வரும்போது இரும்பு மட்டும் சட்டென்று அதிகமாக உறிஞ்சும். 7709-இல் கோபால்ட். 9659-இல் துத்தநாகம். மற்ற தனிமங்கள் பேசாமல் இருக்கும். இப்படி உறிஞ்சல் சட்டென்று எகிறும் இடத்துக்கு எட்ஜ் என்று பெயர். அதைத் தாண்டியதும் உறிஞ்சும் அளவில் சின்னச் சின்ன அலைவுகள் வரும். அந்த அணுவைச் சுற்றி யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் என்ற விவரமெல்லாம் அந்த அலைவுகளில் இருக்கிறது. சுற்றிலும் நான்கு ஆக்சிஜனா, ஆறா? அதாவது ஏ இடமா, பி இடமா? எங்கள் கேள்விக்கு நேரடியான பதில்.

அங்கே நுழைய என்ன வேண்டும் என்றால், ஒரு ப்ரொபோசல். உங்கள் கேள்வி என்ன, ஏன் இந்த இயந்திரம் இல்லாமல் முடியாது, சாம்பிள் தயாரா, அதன் முதல்கட்டச் சோதனைகள் முடிந்தனவா என்று சில பக்கங்களில் எழுதி அனுப்ப வேண்டும். அதை நிபுணர்கள் படித்துப் பார்த்து பீம் டைம், அதாவது பீம்லைனில் அளக்க நேரம், ஒதுக்குவார்கள். எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரை எழுதும்போது எனக்குத் தயக்கம் இருந்ததென்னவோ உண்மை. அவர்கள் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர்கள் கேட்ட ஒரே திருத்தம், துத்தநாகத்தின் அளவு மாறும் வரிசையில் இன்னும் இரண்டு சாம்பிள் சேர்த்துக்கொண்டால் போக்கு தெளிவாகத் தெரியும் என்பது. நல்ல யோசனை. சேர்த்தோம்.

பீம் டைம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்றைக்கு என் மாணவியின் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை. அவள் அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறவர். அந்த வீட்டில் யாரும் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. "அவ்ளோ தூரம் பொம்பளப் பிள்ளைய எப்படி டீச்சர் அனுப்புறது? மொழியும் தெரியாது" என்று அம்மா கேட்டார். நானும் கூட வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் சம்மதம். சிவகாசியில் பொதிகை ஏறி சென்னை, சென்னை சென்ட்ரலில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி போபால், அங்கிருந்து இந்தூர். பொடிகளைச் சின்னக் குப்பிகளில் போட்டு, பாராஃபிலிம் சுற்றி, எண் எழுதி, அவள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். ராத்திரி தலைமாட்டில்தான் அந்தப் பை.

வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. அடையாள அட்டை, கல்லூரிக் கடிதம், அனுமதிச் சீட்டு. கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று கணக்கு வைக்கும் பேட்ஜ் ஒன்றைக் கொடுத்து நெஞ்சில் குத்திக்கொள்ளச் சொல்வார்கள். உள்ளே போனால் கூடம் முழுக்கச் சத்தம். பம்புகள், குளிர்நீர், காற்று. பேச வேண்டுமென்றால் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டும்.

சாம்பிள் வைப்பது ஹட்ச் என்ற ஈயச்சுவர் அறைக்குள். பொடியை செல்லுலோஸோடு கலந்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி, ஒரு பழைய நாலணா அகலம்கூட இல்லாத பெல்லட்டாகச் செய்திருப்போம். எவ்வளவு பொடி எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். அதிகம் போட்டால் எக்ஸ்ரே ஊடுருவாது. குறைவாகப் போட்டால் எட்ஜ் சரியாக எழும்பாது. மூன்று அயனிப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். முதலாவது, சாம்பிளுக்கு வரும் கதிர் எவ்வளவு என்று அளக்கும். இரண்டாவது, சாம்பிளைத் தாண்டிப் போனது எவ்வளவு என்று அளக்கும். அதற்கும் பின்னால் ஒரு கோபால்ட் தகடு, அதன் பின்னால் மூன்றாவது பெட்டி. ஆற்றல் அளவுகோல் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள. வைத்து முடித்ததும் உள்ளே யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து, பொத்தானை அழுத்தி, கதவைப் பூட்டினால்தான் ஷட்டர் திறக்கும். ஒருவர் உள்ளே இருக்கும்போது கதிர் வரவே முடியாதபடி எல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கிறது.

முதல் ஸ்கேன் திரையில் எழுந்தபோது ராத்திரி வெகு நேரம் ஆகிவிட்டது. தட்டையாக வந்துகொண்டிருந்த கோடு 7709-ஐ நெருங்கியதும் செங்குத்தாக ஏறியது. என் மாணவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்தக் கோபால்ட் எங்கள் ஆய்வகத்தில் அவள் எடை போட்ட கோபால்ட். பீம்லைன் விஞ்ஞானி, அவளைப்போல இரண்டு மடங்கு வயதுள்ளவர், பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எட்ஜுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டைக் காட்டி, "இது ஏன் வருகிறது தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த ஏ இடத்தில் சமச்சீர் குறைவு; அதனால் அந்த மேடு பெரிதாகத் தெரியும் என்று அவரே விளக்கினார். இருபது நிமிட வகுப்பு. நடுநடுவே வளையத்தில் எலக்ட்ரான்கள் குறைந்துபோய், கற்றையை விட்டுவிட்டு மறுபடி நிரப்பி, ஆற்றலை ஏற்றும் வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறு பீம்லைன்காரர்களோடு பேசலாம். எங்களுக்கு அடுத்து இருந்தவர் மண்ணில் ஆர்சனிக் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிமென்ட் ஆராய்ச்சி. இப்படி ஒரு கூடத்தை எந்தத் தனி நிறுவனமும் கட்டி வைக்காது.

இந்தூரோடு எங்கள் பொடியின் பயணம் முடியவில்லை. எக்ஸ்ரே இடத்தைச் சொல்லும். அந்த இடத்தில் காந்தம் எந்தத் திசையில் நிற்கிறது என்று சொல்ல நியூட்ரான் வேண்டும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் தானே ஒரு சின்னக் காந்தம். அதுவும் போக, எக்ஸ்ரேக்கு ஒரே மாதிரி தெரியும் இரும்பும் கோபால்ட்டும் நியூட்ரானுக்கு முற்றிலும் வேறு வேறு. இரும்பு 9.45 என்ற அளவில் சிதறடித்தால் கோபால்ட் 2.49. நாட்டில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் நம்பியிருப்பது மும்பை டிராம்பேயில் இருக்கும் துருவா உலையைத்தான். 1985-இல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் அணு ஆராய்ச்சி உலை. எக்ஸ்ரேக்கு மில்லிகிராம் கணக்கில் போதும். நியூட்ரானுக்குக் கிராம் கணக்கில் பொடி வேண்டும். அதை வனேடியக் குழாயில் அடைத்து வைப்பார்கள், ஏனென்றால் வனேடியம் தன் சொந்தக் கோடுகளை டேட்டாவில் காட்டிக்கொள்ளாது. ஒரு சாம்பிளுக்கு ஒரு நாள்கூடப் போகும். முடிந்த பிறகு பொடி கதிரியக்கம் ஏறியிருக்கிறதா என்று சோதிக்காமல் கையில் தர மாட்டார்கள். எங்கள் பொடியில் கோபால்ட் இருப்பதால் அதில் கூடுதல் கவனம்.

இந்த இடங்களையெல்லாம் பல்கலைக்கழகங்களோடு இணைக்கும் பாலமாக ஓர் அமைப்பு இருக்கிறது: யுஜிசி-டிஏஇ அறிவியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு. இந்தூரில் தலைமையகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் மையங்கள், கல்பாக்கம் பக்கத்தில் கொக்கிலமேட்டில் ஒரு கிளை. அணுசக்தித் துறையின் இயந்திரங்களைக் கல்லூரி, பல்கலைக்கழக ஆட்கள் பயன்படுத்த வழி செய்வதுதான் அதன் வேலை. 1980-களில் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்த முடிவின் பலன் இது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் பணம் கொடுத்தால் யாரிடமும் பெரிய கருவி இருக்காது. அதற்குப் பதில், எல்லாருக்கும் பொதுவாகச் சில இடங்களில் பெரிதாகக் கட்டுவோம் என்று முடிவு செய்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையங்களை உருவாக்கினார்கள். முதலில் 1984-இல் டெல்லியில் அணு அறிவியல் மையம், 1988-இல் புனேயில் வானியலுக்கு ஒன்று. வானியல் மையம் வந்தபோது மானியக் குழுத் தலைவர் யஷ் பால். அந்த மையத்தைக் கட்டி எழுப்பியவர் வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிக்கர்.

அமெரிக்காவிலும் இதே தேவைதான் இருந்தது. 1947-இல் கிழக்குக் கடற்கரையின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து புரூக்ஹேவன் ஆய்வகத்தை உருவாக்கின. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் அதில் உண்டு. அவ்வளவு பணக்காரப் பல்கலைக்கழகங்களே தனியாக ஓர் அணு உலை கட்ட முடியாது என்று ஒத்துக்கொண்டன. இன்று அந்த நாட்டின் எரிசக்தித் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கியது புரூக்ஹேவன் நியூட்ரான்களைக் கொண்டுதான். பிறகு அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 2009-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்தப் படிக அமைப்புக்கும் பொதுச் சொத்தான சிங்க்ரோட்ரான்களின் எக்ஸ்ரே இல்லாமல் வழி இருந்திருக்காது.

டெல்லி மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அங்கே பெல்லட்ரான் என்ற முடுக்கி. உயர்ந்த ஒரு கோபுரத்துக்குள், சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயு நிரப்பிய தொட்டியில், 16 மில்லியன் வோல்ட் வரை தாங்கக்கூடியது. வெள்ளி, தங்கம், ஆக்சிஜன் என்று விதவிதமான அயனிகளை வேகப்படுத்திப் பொருள்களின் மேல் மோத விடலாம். ஆனால் எங்கள் கல்லூரிக்கு அந்த மையம் செய்த பெரிய உதவி அந்தக் கோபுரத்திலிருந்து வந்ததில்லை. எக்ஸ்பைஸ் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. கணினியில் செருகினால் அலைகாட்டியாகும், சிக்னல் ஜெனரேட்டராகும், வோல்ட் மீட்டராகும். ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தில் அந்த மையத்துக்காரர்கள் உருவாக்கியது. விலை குறைவு, வரைபடமும் மென்பொருளும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பி.எஸ்சி. ஆய்வகத்தில் ஊசல் சோதனையும் மின்தேக்கி சோதனையும் இப்போது அதில்தான். முடுக்கிக்கான மின்னணுச் சுற்றுகளைத் தாங்களே செய்து பழகிய கைகள் அங்கே இருந்ததால்தான் இப்படி ஒரு பெட்டியும் வந்தது.

நம் ஊரிலும் இதன் வேர்கள் உண்டு. ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் கட்டி முடித்தது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தேடிப் பிடித்த சரிவு அது. ஊட்டி இருக்கும் அட்சரேகை 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு மலை கிடைத்தால், தொலைநோக்கியின் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் ஒரே ஒரு திசையில் திருப்பினால் போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். விலை உயர்ந்த இயந்திர அமைப்பு செய்ய வேண்டிய வேலையை மலை செய்தது. அதே குழு பின்னால் புனே பக்கம் நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கட்டியது. அங்கேயும் நேரம் கேட்பது ப்ரொபோசல் வழியாகத்தான், எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் கேட்கலாம்.

தேனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொட்டிபுரத்தில் மலைக்கு அடியில் குகை குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கி, வளிமண்டலத்தில் இயற்கையாக உண்டாகும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களைப் பார்ப்பதாக இருந்த திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, தமிழக அரசும் எதிர்த்தது, திட்டம் நின்றுபோனது. அது வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்த நாடு இது. சுரங்கம் மூடிய பிறகு ஆழமான இடம் இல்லாமல் போனது. ஆனாலும் அந்த ஊர் மக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மலையை வெடி வைத்துக் குடையப் போகிறார்கள், தண்ணீர் என்ன ஆகும், நிலம் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத் தமிழில், அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து, வேலை தொடங்குவதற்கு வெகு முன்னாலிருந்தே பதில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு எத்தனை விளக்கக் கூட்டம் போட்டாலும் பயம் முந்திக்கொண்டது. மக்கள் பணத்தில் கட்டுகிற ஒன்று மக்களிடம் முதலில் பேச வேண்டும். கடைசியில் பேசினால் அது சமாதானம் சொல்வதாகத்தான் படும்.

என்னைப் பொறுத்தவரை, பெரிய இயந்திரம் இருந்தால் மட்டும் அது பொதுச் சொத்தாகிவிடாது. சிவகாசியிலிருந்து ஒரு பெண் அங்கே போய்ச் சேர வழி இருக்க வேண்டும். நாங்கள் போனபோது மாணவிக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், விடுதியில் இடம் கொடுத்தார்கள். அந்த இரண்டும் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒதுக்கிய பீம் டைம் காகிதத்திலேயே நின்றிருக்கும். இந்தூரில் திரவ ஹீலியம் தயாரிக்கும் நிலையம் இருக்கிறது. மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. ஆவியாகும் வாயுவை வீணாக்காமல் குழாய்களில் திரும்பப் பிடித்து மறுபடி திரவமாக்குகிறார்கள், ஏனென்றால் ஹீலியம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்த நிலையத்தை இரவு பகலாக ஓட்டுகிற தொழில்நுட்பப் பணியாளர் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் வராது. அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போட வேண்டும். புதிய இயந்திரம் அறிவிக்கும்போது செய்தி வருகிறது. பழைய இயந்திரத்தின் பம்ப்புக்கு உதிரிபாகம் வாங்கும் செலவுக்கு யாரும் கைதட்டுவதில்லை. எனக்கு அந்தப் பம்ப்தான் முக்கியம்.

இயந்திரங்களுக்கும் வயதாகிறது. துருவாவுக்கு நாற்பது வயது. அதற்குத் துணையாக இருந்த சைரஸ் உலை 2010-இல் மூடப்பட்டது. இண்டஸ்-2-இல் 2005-இல் முதல் கற்றை ஓடியது. பிரான்சின் கிரனோபிளில் இருக்கும் ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் 844 மீட்டர் சுற்றளவு. அதையே பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டி 2020-இல் மறுபடி திறந்துவிட்டார்கள். நம் விஞ்ஞானிகள் இத்தாலியின் டிரியஸ்டேக்கும் ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கும் ஜப்பானின் சுகுபாவுக்கும் போய் அளந்துவிட்டு வருகிறார்கள், அந்த நாடுகளோடு ஒப்பந்தம் இருக்கிறது. நல்லது. ஆனால் டிரியஸ்டேக்குப் போக பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு எல்லாம் வேண்டும். என் மாணவிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ் தூரத்தில் இருப்பதுதான் உதவும். அடுத்த தலைமுறை ஒளிமூலம் நம் நாட்டிலேயே வர வேண்டும், அதிகம் தாமதிக்காமல் வர வேண்டும்.

எங்கள் பொடியில் துத்தநாகம் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். பெரும்பகுதி ஏ இடத்தில்தான். ஆனால் குறைந்த சூட்டில் வைத்து எடுத்த, மிகச் சின்னத் துகள்கள் உள்ள சாம்பிள்களில், கவனிக்கத்தக்க அளவு பி இடத்துக்கும் போயிருந்தது. ஃபர்னஸ் சூட்டைக் கூட்டக் கூட்ட அது ஏ இடத்துக்குத் திரும்பியது. மாணவி இப்போது ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதன் முதல் படத்துக்கு அவள் தேர்ந்தெடுத்திருப்பது அன்றைக்கு ராத்திரி வந்த கோபால்ட் ஸ்கேன்.

கல்லூரியில் ஆய்வு வழிகாட்டியாக இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லி வைக்கிறேன். ப்ரொபோசல் எழுதுவதற்கு முன்னாலேயே பீம்லைன் விஞ்ஞானிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உங்கள் சாம்பிளுக்கு அந்த பீம்லைன் சரிப்படுமா என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஒவ்வொரு எட்ஜுக்கும் எடைக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, பெல்லட்டுகளை ஊரிலேயே செய்து கொண்டுபோங்கள். கூடவே உதிரிப் பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள், பெல்லட் வழியில் உடையும். ஒப்பீட்டுக்குத் தூய துத்தநாக ஃபெரைட், கோபால்ட் ஃபெரைட் இரண்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நுழைவு அனுமதிக்கான கடிதங்களை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். டேட்டாவை அலசும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. போவதற்கு முன்னால் மாணவர்கள் அதில் பழகியிருந்தால், முதல் ஸ்கேனைப் பார்த்ததுமே அடுத்ததை எப்படி எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்யலாம். ராத்திரி ஷிஃப்ட் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்போதுதான் பேச நேரம் இருக்கும்.